அப்பாவின் பாதம் சொன்ன சூடு

1. சித்திரை பௌர்ணமி. இருட்டியதும் கிரிவலப் பாதை நிரம்பிவிடும் என்பதால், நானும் அப்பாவும் நாயை வழக்கத்தைவிட முன்னதாக, வெயில் முழுதாகச் சாயும் முன்பே வெளியே கூட்டிப் போனோம்.
2. கிளம்பும்போது அப்பா தார்ச்சாலையில் வெறுங்காலோடு நின்று பார்த்தார். "சுடல, வா" என்றார்.
3. வழியில் நாய் நிழலுக்கு நிழல் ஓடி ஓடி நின்றது. விளையாடுகிறது என்று சிரித்தோம்.
4. மோர்ப்பந்தலுக்கு முன்னால் அதன் பின்னங்கால்கள் தடுமாறின. பக்கவாட்டில் சாய்ந்தது. வாயோரம் நுரை.
5. கூட்டத்தில் யாரோ "வெறிநாய்!" என்று கத்தினார்கள்.

மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. எது நடந்தாலும் வரிசைப்படுத்திப் பார்ப்பேன். இந்த வரிசையில் பிழை இரண்டாவதில் இருக்கிறது. அப்பா பௌர்ணமிதோறும் வெறுங்காலில் மலை சுற்றுபவர். மற்ற நாட்களில் அதே கால்கள் மல்லாட்டைக் கொல்லையில், நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவில். அடி அண்ணாமலையில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படிப்பட்ட பாதம்தான். அந்தப் பாதம் சுடவில்லை என்று சொன்னால் அதற்குச் சுடவில்லை, அவ்வளவுதான். புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாய் விழுந்த பிறகு வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டேன்.

"எட்டப் போங்க, எட்டப் போங்க!" இடுப்பில் குழந்தையோடு நடந்துவந்த ஒருவர், பந்தலில் சாய்த்திருந்த சவுக்குக் கொம்பைக் கையில் எடுத்துவிட்டார். "கொழந்த குட்டிங்க நடக்கிற எடம். நொர தள்ளுது பாரு."

"வெயில்ல மயங்கிடுச்சுங்க. வெறிநாய் ஊசியெல்லாம் போட்டிருக்கு" என்றேன்.

"போட்டது எங்க எழுதியிருக்கு, அது நெத்தியிலயா?"

பின்னாலிருந்து இன்னொரு குரல்: "நாய்க்கும் சேத்து வேண்டிக்கினாங்களா கிரிவலம்?" நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்தாலும் யாரும் நகரவில்லை. வட்டம் நெருங்கி, இருந்த கொஞ்சம் காற்றும் நின்றுபோனது. அப்பா நாய்க்கும் கொம்புக்கும் நடுவில் போய் நின்றார். "மொதல்ல அதக் கீழ போடுப்பா."

மோர் ஊற்றிக்கொண்டிருந்த அக்காதான் தீர்ப்புச் சொன்னார். "எதுக்குச் சண்ட? வெறி புடிச்ச நாயி தண்ணியக் கண்டா மெரளும். தண்ணி காட்டுங்க. குடிச்சா நல்ல நாயி."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. "குடிக்கட்டும், பாக்கலாம்" என்று கொம்பு வைத்திருந்தவர் அதைப் பாதி இறக்கினார். ஒரு பிளாஸ்டிக் ஜக்கில் தண்ணீர் என் கைக்கு வந்தது.

நாய்க்குக் கண் செருகியிருந்தது. அந்த நிலையில் அதனால் விழுங்க முடியாது.

"வாயத் தெறந்து ஊத்து பாப்பா, சீக்கிரம்" என்றார் அப்பா.

"ஊத்தக் கூடாதுப்பா. நுரையீரலுக்குப் போயிடும்."

"ஊத்தலன்னா அடிச்சிடுவாங்க" என்று அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

நான் தண்ணீரை அதன் வயிற்றில் ஊற்றினேன். பிறகு தொடை இடுக்கில், அக்குளில், நான்கு பாதங்களிலும்.

"குடிக்க வெக்கச் சொன்னா குளிப்பாட்டுது பாரு இந்தப் பொண்ணு" என்றார் கொம்புக்காரர்.

அக்கா ஐஸ் கட்டியை அள்ளிக்கொண்டு வந்தார். "ஐஸ் வேணாங்க்கா, சாதாத் தண்ணியே குடுங்க." அப்பா தன் துண்டை நனைத்து நாயின் மேல் போர்த்தினார். அதை இழுத்தெடுத்தேன். "மூடாதீங்கப்பா, சூடு உள்ளயே நின்னுடும். விசிறுங்க." அவர் விசிற ஆரம்பித்தார். நான் ஊற்றினேன். என் குரல் நிதானமாகத்தான் இருந்தது. இடது கையை நாயின் நெஞ்சில் வைத்திருந்தேன். உள்ளே இதயம் எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கொம்பின் நுனி என் தோளுக்கு அருகிலேயே இருந்தது.

எத்தனை ஜக் ஊற்றினேனோ தெரியாது. மூச்சிரைப்பு மெல்ல இறங்கியது. கண் திறந்தது. தாடைக்குக் கீழே தரையில் தேங்கியிருந்த தண்ணீரை நோக்கி நாக்கு நீண்டது. ஒருமுறை நக்கியது. மறுபடியும்.

"குடிக்குது! குடிக்குது பாரு!" அக்கா கத்தினார்.

கொம்பு பந்தலுக்கே திரும்பிப் போனது. அந்த மனிதர் இடுப்பிலிருந்த குழந்தையைச் சரிசெய்துகொண்டு நடையைத் தொடர்ந்தார். தண்ணீர் குடித்ததை வைத்து ஒரு நாய்க்கு வெறி இல்லை என்று முடிவு கட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். அடுத்த ஜக்கை வாங்கி ஊற்றினேன்.

பௌர்ணமி என்பதால் பாதைக்குள் ஆட்டோ வராது. அக்கா தண்ணீர் கேன் ஏற்றி வந்த தள்ளுவண்டியைக் கொடுத்தார். "கூட்டினு போங்க, வண்டிய அப்புறமா குடுக்கலாம்." எதிரே வரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அப்பா தள்ளினார். "வழி விடுங்க சாமி, வழி விடுங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் பக்கத்தில் நடந்தபடி வயிற்றை நனைத்துக்கொண்டிருந்தேன். போலீஸ் தடுப்புக்கு அப்பால் ஆட்டோ கிடைத்தது. வேங்கிக்காலில் இருக்கும் கால்நடை மருத்துவர் உடல் சூட்டை அளந்துவிட்டு உடனே சலைன் ஏற்றத் தொடங்கினார்.

நாய் உயிரோடு இருக்கிறது. நான்கு பாதங்களிலும் தோல் உரிந்தது. மூன்று ஆறிவிட்டன, பின் இடது பாதத்தில் இன்னும் கட்டு இருக்கிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.