அப்பா தூங்கிய லைன்வீடு

லேத் பட்டறையைத் தாண்டும்போது அடித்த கூலன்ட் எண்ணெய் வாடை, இடித்துத் தள்ளி இப்போது லாரி நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் ஓசூர் லைன்வீட்டுக்கே என்னை இழுத்துப் போனது. அம்மாவும் இறந்துவிட்ட பிறகு அதைப் பற்றிக் கேட்க அப்பா ஒருவர்தான். அன்றே போனில் ரெக்கார்டரைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

"லைன்வீட்டப் பத்திச் சொல்லுப்பா."

"என்னத்தச் சொல்றது கண்ணு? நைட் ஷிப்ட் முடிஞ்சு வருவேன், படுத்துக்குவேன். நல்ல அமைதியான எடம்."

அமைதியாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டையில் இதே வாடையோடு அவர் வந்து படுத்ததும், குக்கர் விசில் வருவதற்குள் அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள், அந்த அரைவேக்காட்டுப் பருப்பைத்தான் தின்போம், பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா மிக்சிமேல் போர்வையைப் போர்த்தி அரைப்பாள், எட்டு வீட்டுப் பிள்ளைகளும் துணிப்பந்தை வைத்து வெறுங்காலோடு விளையாடுவோம், ஜெயித்தவள்கூட வாயைப் பொத்திக்கொண்டுதான் குதிப்பாள்.

இத்தனையும் நானே மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தேன். ரெக்கார்டர் முழுக்க என் குரல்தான்.

அப்பா போனை என் பக்கம் தள்ளினார்.

"ஒரு நாளாச்சும் என்னை எழுப்பி வுட்டிருக்கலாமில்ல, கண்ணு?"