பத்து எண்ணுகிற நேரம்

கண் மருத்துவர் என் கீழ் இமைக்குள் ஒரு சிறு காகிதத் துண்டை மடித்துச் செருகி, ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார். கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று பார்க்கிற காகிதம். எடுத்தபோது நுனி மட்டும் லேசாக நனைந்திருந்தது. "சர்க்கரை உங்களுக்கு ரொம்ப வருஷமா இருக்கு. அதுல கண்ணு இப்படி வறண்டு போறது உண்டு" என்றார். மணல் விழுந்தது போன்ற உறுத்தல், படிக்கும்போது எழுத்து மங்கி, இமைத்தால் தெளிவது எல்லாம் அதனால்தானாம். வறண்ட கண்ணில் ஏன் தண்ணீர் வடிகிறது என்று கேட்டேன். அது எரிச்சல் தாங்காமல் வருகிற தண்ணீர், வந்த வேகத்தில் வழிந்துவிடும், கண்ணில் தங்காது என்றார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "படிக்கிறப்போ அடிக்கடி கண்ணை மூடித் திறங்க" என்றார்.

வீடு வரும் வரை எனக்கு என் மச்சான் நினைவுதான். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். மருத்துவர் சொன்ன அதே யோசனையை அவர் ஐம்பது வருடங்களுக்கு முன்பே, யாரும் சொல்லாமல், தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நான் செய்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தோம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சடிக்கிற கம்பெனி. நான் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதினேன். அவர் கலர் மேஸ்திரி. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவர். ஆனால் மிசினிலிருந்து வரும் முதல் தாளைச் சாம்பிள் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "செவப்பு சோந்து கெடக்கு, ஏத்து" என்றோ "ஓட்டு" என்றோ அவர் சொன்ன பிறகுதான் அந்த வேலை ஓடும். வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் முதலாளியைப் பார்த்த கையோடு அவரைத்தான் தேடுவார்கள்.

விஸ்வநத்தத்தில் எங்கள் இரண்டு வீடும் அடுத்தடுத்து இருந்தன. வேலைக்குப் போக ஒரே சைக்கிள். நான் மிதிப்பேன், அவர் பின்னால் காரியரில் உட்கார்ந்து வருவார். காற்று அவர் கண்ணுக்கு ஆகாது. முகத்தை என் முதுகில் புதைத்துக்கொள்வார்.

"மாப்ள, ஒங்க முதுகுதான் எனக்குக் கண்ணாடி. கொஞ்சம் சதை போடுங்க, சந்துல காத்து வருது" என்பார்.

கோபமோ வெட்கமோ வந்தால் எனக்குக் கால் தானாக வேகமெடுக்கும். அது அவருக்கு உடனே தெரிந்துவிடும். "யாரு மேல கோவம்? மெதுவா மிதிங்க, காத்து கண்ணைக் கிழிக்குது" என்று முதுகில் தட்டுவார்.

நாற்பது வயதில் அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. விருதுநகர் மருத்துவர் ஊசியும் பத்தியமும் சொல்லி, வீட்டிலேயே சிறுநீரைச் சோதித்துக்கொள்ள ஒரு நீல மருந்தும் கண்ணாடிக் குழாயும் கொடுத்திருந்தார். மருந்தில் சில சொட்டு விட்டுச் சூடாக்க வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை அதிகம் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குழாயை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து, சாம்பிள் பார்க்கிற அதே முகத்தோடு பார்ப்பார்.

"இந்தச் செவப்பத்தான் ஆறு மாசமா மிசின்ல கொண்டுவர முடியாமத் தவிக்கேன். இங்கன பாருங்க மாப்ள, என் வயித்துக்குள்ளயே இருந்திருக்கு."

"பெருமைதான்" என்பார் அவர் மனைவி. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "நேத்துப் பந்தியில ரெண்டு தரம் பாயசம் வாங்குனீகள்ல, அந்தக் கலருதான் அது."

செங்கல் நிறம் காட்டுகிற வாரங்களில் கண்ணும் மோசமாக இருப்பதை மச்சான்தான் முதலில் கவனித்தார். காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்காது. அக்கா ஈரத்துணி வைத்துப் பிரித்துவிடுவார். மருத்துவரிடம் சொன்னதற்கு, அதெல்லாம் பட்டாசு மருந்துத் தூசி என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் கண் எரிந்தாலும் இருமல் வந்தாலும் வேறு காரணம் தேடுகிற வழக்கம் இல்லை. இரண்டு முறை கண்ணாடி மாற்றிப் பார்த்தார், பயனில்லை. பேப்பர் படிப்பதை விட்டார். சினிமாவையும் விட வேண்டியதாயிற்று. கடைசியாக நாங்கள் டூரிங் டாக்கீஸுக்குப் போன அன்று, கொட்டகையே உருண்டு சிரிக்கிற கட்டத்தில் அவர் கன்னத்தில் தாரையாக வழிந்துகொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அண்ணாச்சி, எல்லாரும் சிரிக்காக, நீங்க அழுவுறீக?"

"அடுத்த சீன்ல யாரோ சாவப் போறாக தாயி. அதான் முன்கூட்டியே அழுது வச்சிருதேன்."

மீதிப் படத்தைத் துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு காதால் பார்த்தார். இடையிடையே, "இப்ப என்ன செய்யுதான்?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

கலர் பார்க்கிற மேசையை மட்டும் அவர் விடவில்லை. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஒருநாள் மதியம் எனக்கு மட்டும் சொன்னார்.

"உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா எல்லாம் கலங்கிப் போவுது மாப்ள. ஆனா கண்ணை நல்லா மூடி, கொஞ்சம் பொறுத்துத் தொறந்தா, பத்து எண்ணுற நேரம் பளிச்சுன்னு இருக்கு. அந்தப் பத்துக்குள்ள பாத்துறணும். அவ்வளவுதான் சூட்சுமம்."

நான் சோதித்துப் பார்த்தேன். இரண்டு தாள்களில் ஒன்றில் மட்டும் மஞ்சளைக் கொஞ்சம் கூட்டி அடிக்கச் சொல்லி, அவர் முன்னால் வைத்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அவர் கண்ணை மூடித் திறந்தார். நான் மனதுக்குள் ஆறு எண்ணுவதற்குள் சரியான தாளைத் தொட்டுவிட்டார்.

இதற்கு இரண்டு மாதம் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் தம்பி, ஒங்க மச்சான் மேசையில கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்காராமே? தூங்குறாரா, தவம் பண்றாரா?"

அந்தப் பத்து எண்ணுகிற விஷயத்தை நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாக்கியம் போதும். நான் சொன்னது வேறு.

"அவருக்கு முன்ன மாதிரி இல்லீங்க முதலாளி."

அடுத்த வாரம் அவரைக் காகிதம் வெட்டி அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்கு மாற்றினார்கள். மேசை வேறொருவருக்குப் போயிற்று.

தன் கடைசித் தங்கையின் கல்யாணம் முடியும் வரை வியாதியைப் பற்றி வெளியே மூச்சுவிட வேண்டாம், சீக்குக் குடும்பம் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று மச்சான் எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தது உண்மை. அதைக் காரணமாகச் சொல்லி நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் வியாதியின் பெயரைச் சொல்லாமலே கண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். உண்மையான காரணம் சின்னது. உறவுக்காரனுக்குப் பரிந்து பேசாதவன் என்று முதலாளியிடம் பெயர் எடுக்க விரும்பினேன். இன்னொன்றும் உண்டு. காலேஜ் வரை போன என்னைத் தாண்டி எல்லோரும் அவரைத் தேடிப் போனது எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

கிட்டங்கியில் வெட்டிய காகிதத்தின் தூள் எப்போதும் பறக்கும். கண் செக்கச் செவேல் என்று ஆயிற்று. அதைவிட எனக்குத் தாங்காமல் போனது ஞாயிற்றுக்கிழமைக் காலைதான். குழாயைக் கையில் வாங்காமல், "என்ன கலருன்னு நீயே பாத்துச் சொல்லு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

தை மாதம் தங்கை கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே என்னிடம் வந்தார்.

"மாப்ள, முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. வியாதியச் சொன்னாலும் சரிதான், இனிமே பாதகமில்ல. அந்தப் பத்து எண்ணுற கணக்க நீங்க சொன்னாத்தான் நம்புவாரு. எனக்கு அந்த மேசை வேணும்."

சொல்கிறேன் என்றேன். சொன்னால், முன்பே ஏன் சொல்லவில்லை என்று முதலாளி கேட்பார் அல்லவா? இரண்டு முறை அவர் அறைக்குப் போய், கடிதங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

"சொன்னீகளா?"

"சொன்னேன் மச்சான். கேக்க மாட்டேங்கிறாரு."

"சரி, விடுங்க. ஒங்களுக்கு எதுக்குச் சங்கடம்" என்றார். அன்று வீடு திரும்பும்போது நான் வேகமாகத்தான் மிதித்தேன்.

ஆவணியில் தீபாவளி சீசன் உச்சத்துக்கு வந்தது. ஒரு பெரிய ஆர்டர். எத்தனை முறை அடித்தும் லேபிள் சாம்பிளோடு ஒட்டவில்லை. புதியவர் சிவப்பை ஏற்றினார், இறக்கினார். கடைசியில் முதலாளியே மிசினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, மச்சானைக் கூட்டி வரச் சொன்னார். ஆர்டர் கடிதத்தோடு நானும் அங்கே இருந்தேன்.

மச்சான் முகத்திலிருந்த காகிதத் தூளைத் துடைத்தார். தண்ணீர் வாங்கித் துண்டை நனைத்துக் கண்ணில் வைத்து மூடிக்கொண்டார். எல்லோரும் காத்திருந்தோம். துண்டை எடுத்துப் பார்த்தார்.

"செவப்ப ஏன் போட்டு இழுக்கீக? அது சரியாத்தான் இருக்கு. அடியில மஞ்சளு கூடிருச்சு."

மஞ்சளைக் குறைத்தார்கள். அடுத்த தாள் சாம்பிளோடு ஒட்டியது. முதலாளி தாளைப் பார்க்காமல் மச்சானையே பார்த்தார்.

"அதென்னய்யா, கண்ணை மூடிட்டுப் பாக்கிறது?"

மச்சான் சொன்னார். சர்க்கரை வியாதி, மணல் போல உறுத்துவது, பத்து எண்ணுகிற நேரம், எல்லாவற்றையும்.

"இத முன்னமே சொல்லப்படாதா? யாராவது ஒரு ஆளு எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தேன்.

"எனக்குத்தான் சொல்லத் தெரியல முதலாளி" என்றார்.

அன்றே மேசை திரும்பக் கிடைத்தது. அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீரும் துணியும் வைத்துக்கொள்ளலாம், அவர் கண்ணை மூடினால் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று உத்தரவாயிற்று. மாலையில் வழக்கம்போல் காரியரில் ஏறி என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டார். வீட்டில் இறங்கியபோது என் முதுகுச் சட்டை நனைந்திருந்தது. காற்றுக்கு அவர் கண் அப்படித்தான் வடியும். அன்று காற்று இருந்ததா என்று எனக்கு நினைவில்லை.

அதன் பிறகு எட்டு வருடம் அந்த மேசையில் இருந்தார். அவர் காலமாகும் வரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

போன வாரம் என் மனைவி எனக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ஒரு கண்ணில் விட்டு முடித்திருந்தாள். கையில் சீசாவை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"தெரியும். மேசை திரும்பக் கெடச்ச அன்னைக்குச் சாயங்காலமே அண்ணன் சொல்லிருச்சு" என்றாள்.

"நீ ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"அண்ணன்தான் கேக்கக் கூடாதுன்னுச்சு. 'மாப்ளகிட்ட இதப் பத்திப் பேசிறாத தாயி. பேசுனா மனுசன் சைக்கிள வேகமா மிதிப்பாரு, எனக்குத்தான் கண்ணு போவும்'னுச்சு."

பிறகு என் தலையைப் பின்னால் சாய்த்து மற்றக் கண்ணிலும் சொட்டு விட்டாள்.