முதல் பந்து தலைக்கு

ஜொகூரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குள் போய்ப் பேஸ்பால் மட்டை கேட்டுப் பாருங்கள், உடனே எடுத்துக் கொடுப்பார்கள். பந்து கேட்டால் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். மட்டை எதற்கு என்று விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும், காரின் இருக்கைக்கடியில் அது உருளும் சத்தம் கேட்டுப் பழகிய பெண்டாட்டிக்கும் தெரியும். உலு திராமில் மதிவாணன் வாங்கிய மட்டையும் அந்தக் காரியத்துக்குத்தான். ஆனால் ஊரில் மட்டை வைத்திருந்த அத்தனை பேரிலும் அந்த ஆட்டத்தை ஆடியவன் அவன் ஒருவன்தான். அதையும் டிவியில்தான் ஆடியிருந்தான்.

பெக்கோக் தோட்டத்தில் அவர்கள் இருந்தபோது, அப்பா செகாமாட் இரவுச் சந்தையிலிருந்து ஒரு டிவி கேம் பெட்டி வாங்கி வந்தார். கூடவே ஒரே ஒரு கேசட். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. ஒருவன் பந்தை எறிவான், ஒருவன் மட்டையைச் சுழற்றுவான், மற்றவர்கள் புல்வெளியில் காரணமில்லாமல் ஓடுவார்கள். மதிவாணனுக்குப் பதினொரு வயது, தம்பி ரூபேந்திரனுக்கு எட்டு. விதிகளைச் சொல்லித்தர அந்தத் தோட்டத்தில் ஒரு ஜீவன் கிடையாது. ஒருநாள் ரூபன் எறிந்த பந்து மட்டைக்காரனின் தலையில் பட்டது. அவன் தொப்பென்று விழுந்து, எழுந்து, முதல் மூலைக்கு ஓடினான். பயந்து ஓடுகிறான் என்று அண்ணனும் தம்பியும் முடிவு கட்டிக்கொண்டார்கள். ஆட்டத்தின் நோக்கமே அதுதான் என்றும் முடிவாயிற்று. தலையில் அடித்தால் ஒரு பாயிண்ட். டிவி அதைக் கணக்கில் சேர்க்காததால் அலமாரிக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார்கள். கதவு முழுக்கக் கோடான அன்று அப்பா ரப்பர் குழாயால் இருவரையும் வெளுத்து வாங்கினார். மறுநாள் கதவின் உள்பக்கம் கோடு போட்டார்கள்.

வளர்ந்ததும் அண்ணன் உலு திராமுக்கு வந்து, மோதிய கார்களை இழுத்துப் போகும் டோ லாரி ஓட்டினான். தம்பியும் பின்னாலேயே வந்து அதே லாரியில் கொக்கி மாட்டினான். சாலையில் கார் மோதிக்கொண்டால் முதலில் போய்ச் சேரும் லாரிக்குத்தான் அந்தக் கார். இரண்டு லாரி ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால் அடிதான். மற்ற பையன்கள் மட்டையைப் பாராங் கத்திபோல மேலிருந்து கீழே போடுவார்கள். மதிவாணன் டிவியில் பார்த்தபடி இடுப்பை முறுக்கி முழு வட்டமாகச் சுழற்றுவான். அவன் மட்டையைத் தூக்கினால் எதிரில் நிற்பவன் நாலடி பின்னால் போவான். அதில் அவனுக்குப் பெருமை வேறு. ரூபன் எப்போதும் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் நிற்பான், அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை என்பதுபோல.

2012, ஒரு மத்தியானம். கோத்தா திங்கி சாலையில் மழை. ஒரு வேன் சாக்கடையில் கவிழ்ந்து கிடந்தது. போட்டிக்காரன் ஐயாசாமியின் லாரியும் இவர்களுடைய லாரியும் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நின்றன. பேச்சு பத்து நொடிகூட நீடிக்கவில்லை. இவர்கள் பக்கத்துப் பையன் ஒருவனின் வாயில் ஐயாசாமி போட்ட போட்டில் மூன்று பல் தெறித்துத் தாரில் விழுந்தது. அடுத்த அடி மதிவாணனின் விலாவில் இறங்கியது. வலியில் அவனுக்குக் கண் இருட்டியது, கோபத்தில் காது அடைத்தது. மட்டையை இறுக்கிப் பிடித்து முழு வட்டமாகச் சுழற்றினான். ஐயாசாமி குனிந்துகொண்டான். மட்டை காற்றில் போய், திரும்பி, பின்னால் எதிலோ மோதியது. அந்தச் சத்தத்தைப் பற்றி அவன் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. திரும்பிப் பார்த்தபோது ரூபன் முழங்காலில் இருந்தான். இடது காதுக்கு மேலே ரத்தமும் மழையும் சேர்ந்து வழிந்தன. திருமணமாகி ஐந்தே மாதமானவன், அண்ணனை நிமிர்ந்து பார்த்துவிட்டு முகங்குப்புறச் சரிந்தான்.

இரண்டு பேர் கையிலும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி மட்டை. மழை மற்றதையெல்லாம் கழுவிவிட்டது. ஐயாசாமிதான் அடித்தான் என்று மதிவாணன் காவல் நிலையத்தில் சொன்னான். நீதிமன்றத்தில் சத்தியம் செய்து மறுபடியும் சொன்னான். ரூபனின் மனைவி கஸ்தூரி பின் வரிசையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டு வேறெதையும் சொல்ல அவன் நாக்கு எழவில்லை. ஐயாசாமிக்குப் பதினைந்து வருடச் சிறை, எட்டுப் பிரம்படி.

அதன்பின் மதிவாணன் லாரியை விட்டான். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினான். கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. உயிர் மட்டும் பிழைத்த தம்பியின் வீட்டிலேயே இருந்து அவனைக் குளிப்பாட்டினான், சவரம் செய்தான், தூக்கி உட்கார வைத்தான். கஸ்தூரி அக்கம்பக்கத்தில் அவனைத் தெய்வம் என்றே சொன்னாள். அப்படி அவள் சொல்லும்போதெல்லாம் அவன் எழுந்து வேனைக் கழுவப் போய்விடுவான். உண்மை தெரிந்தால் அவள் வாசலைக் காட்டுவாள், அத்தோடு ரூபனும் போய்விடுவான். ரூபனைத் தவிர இந்த உலகத்தில் அவனுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த ஒரு பயத்தில்தான் பதினோரு வருடம் ஓடியது.

ரூபனின் வலப்பக்கம் முழுக்கச் செத்துவிட்டது. சோறு, தண்ணி, அண்ணே, கஸ் என்று ஏழெட்டுச் சொற்கள் மட்டும் மிஞ்சின. இடக்கைக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். கஸ்தூரி பழைய டிவி கேமைத் தேடி எடுத்துத் தூசி தட்டி மாட்டினாள். அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு ரூபன் பொத்தான்கள் வைத்த இரண்டாவது பிடியை அண்ணனிடம் தள்ளுவான். முதல் பந்தை மட்டைக்காரனின் தலைக்கு எறிவான். அவன் விழுந்ததும் இடக்கையை உயர்த்தி ‘அவுட்’ என்பான். அத்தோடு அன்றைய ஆட்டம் முடியும். கஸ்தூரி சிரிப்பாள். பழைய விளையாட்டு மட்டும் மறக்கவில்லை பாருங்க என்பாள். அந்த நாளின் ஞாபகம் ரூபனுக்குத் திரும்பவே திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மதிவாணன் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐயாசாமி வாசலில் வந்து நின்றான். பத்து வருடத்தில் வெளியே விட்டிருந்தார்கள். தலை முழுக்க நரை. கையில் ஒரு பை ஆரஞ்சு. கஸ்தூரி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மதிவாணன் இரும்புக் கேட்டுக்கு வெளியே போய் அதைச் சாத்திக்கொண்டான்.

“நீ செஞ்சதுக்கு நான் உள்ள இருந்தேன் மதி,” என்றான் ஐயாசாமி. சத்தம் போடவில்லை. “அந்தப் பொண்ணுகிட்ட ஒரு தடவ உண்மைய சொல்லு. வேற ஒண்ணும் வேணாம் லா.”

மதிவாணன் போய்விடச் சொன்னான். ஐயாசாமி அசையவில்லை. நீ சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று கேட்டில் கை வைத்தான். அவ்வளவுதான். மதிவாணன் வேன் கதவைத் திறந்து, இருக்கைக்கடியில் பத்து வருடத்துக்கு மேலாக உருண்டுகொண்டிருந்த மட்டையை உருவினான். முதல் அடி ஐயாசாமியின் தோளில் விழுந்தது. ஆரஞ்சுப் பழங்கள் சாலையெங்கும் உருண்டன. இரண்டாவது அடி முழங்காலில். ஐயாசாமி கேட்டோடு சேர்ந்து உள்பக்கம் விழுந்தான். கையைக்கூடத் தூக்கவில்லை. அடி வாங்கப் பழகிய உடம்பு அது. அது மதிவாணனை இன்னும் வெறியாக்கியது. அவனைத் தாண்டி உள்ளே போய்த் திரும்பி முகத்தில் ஓங்கி உதைத்தான், மூக்கு உடைந்து ரத்தம் சிமெண்டில் கொட்டியது. இவன் வாய் இனித் திறக்கவே கூடாது என்ற ஒரே நினைப்போடு இடுப்பை முறுக்கி மட்டையைப் பின்னால் இழுத்தான்.

மட்டை வரவில்லை. யாரோ அதன் முனையைப் பிடித்திருந்தார்கள்.

வலக்காலை இழுத்து இழுத்து ரூபன் வந்திருந்தான். பழைய இடத்தில், அண்ணனின் முதுகுக்குப் பின்னால் நின்றான். இடக்கை மட்டையில் இருந்தது. வாய் கோணியது. பதினோரு வருடமாக யாரும் அவன் வாயிலிருந்து கேட்காத ஒரு சொல்லைத் தேடி எடுத்தான்.

“அண்ணே... மறுபடியுமா?”

தினமும் ஆறு மணிக்கு அந்தப் பந்து யார் தலைக்கு வந்தது என்று மதிவாணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கஸ்தூரி ஈரத் துணியோடு ஓடி வந்து நின்றிருந்தாள். கீழே கிடந்தவனைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். “மறுபடியும்னா என்ன மாமா?” என்று மதிவாணனைக் கேட்டாள்.

பொய் சொல்லலாம்தான். அதற்கும் ஒரு பலம் வேண்டுமே.

“நாந்தான் கஸ்தூரி. அன்னிக்கும் நாந்தான்.”

அவள் அழவில்லை. மட்டையை அவன் கையிலிருந்து வாங்கினாள். அவனும் கொடுத்தான். மேலிருந்து கீழே, டோ லாரிப் பையன்கள் போடுகிற மாதிரியே போட்டாள். வலது முன்கை எலும்பு முறிந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. அடுத்தது தோளில். விழுந்தவனின் விலாவில் இன்னொன்று. அவன் தடுக்கவில்லை, கத்தவும் இல்லை. நான்காவதற்கு அவள் தலைக்கு ஓங்கினாள்.

“அவுட்,” என்றான் ரூபன்.

மட்டை அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அதன்பிறகுதான் அவள் அழுதாள். அந்த அழுகை மதிவாணனுக்கு எலும்பைவிட அதிகமாக வலித்தது.

கைக்கு மாவுக்கட்டுப் போட்ட மூன்றாம் நாள் அவன் ஐயாசாமியோடு காவல் நிலையத்துக்குப் போனான். ஒருவன் நொண்ட, ஒருவன் கையைத் தூக்கிக் கட்டியிருக்க, யார் யார்மேல் புகார் என்று அங்கே இருந்தவர்களுக்கு முதலில் விளங்கவில்லை. வாக்குமூலம் எழுதிக்கொண்டார்கள். கூப்பிடும்போது வரவேண்டும் என்று அனுப்பினார்கள். பொய்ச் சாட்சிக்கு என்ன தண்டனை என்று அவன் கேட்கவில்லை. கூப்பிடும்வரை ரூபனைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்று மட்டும் கஸ்தூரி பக்கத்து வீட்டுக்காரியிடம் அவன் காதுபடச் சொன்னாள். அதனால் அவன் அந்த வீட்டில் இருந்தான். அவனோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தட்டை எட்ட வைத்துவிட்டுப் போவாள்.

ஒன்பது நாள் டிவி கேம் அணைந்தே கிடந்தது. பத்தாம் நாள் ஆறு மணிக்கு ரூபன் இரண்டாவது பிடியை அவன் பக்கம் தள்ளினான். மதிவாணன் அதை மடியில் வைத்து இடக்கையால் பிடித்துக்கொண்டான். இப்போது இருவருக்கும் ஒரு கைதான். திரையில் மட்டைக்காரன் வந்து நின்றான். மதிவாணன் அவனை நகர்த்தவில்லை. வரட்டும் என்று கழுத்தைத் தாழ்த்திக் காத்திருந்தான், தன் தலையே அங்கே நிற்பதுபோல.

பந்து நேராக வந்தது. ஒரு துளிகூட வளையாமல், அடிப்பதற்கென்றே போட்ட பந்தாக மட்டைக்கு முன்னால் வந்தது. இத்தனை வருடத்தில் அவன் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.