காலியான கூஜா

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். காலையில் கூண்டில் ஏறிவிட்டால் ஷிப்ட் முடியும்வரை தண்ணீரைத் தொடமாட்டார். குடித்தால் ஒன்றுக்குப் போக இறங்க வேண்டும். அவர் இறங்கினால் கீழே மூட்டை கட்டுகிறவர்கள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "நம்மளால நாலு பேரு வேலை நிக்கக் கூடாதுமே" என்பார். பெரிய தர்மப் பிரபு! ராயபுரத்தில் இருந்த கிரேன்காரர்களில் பாதிப்பேர் அப்படித்தான்.

எழுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் அவருடைய வலது கால் சில்லிட்டுப் போனது. வேலை முடிந்து வீடு வருவதற்குள் அங்கங்கே நின்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்வார். பீடியை விடச் சொல்லி நான் கத்தாத நாளில்லை. கட்டைவிரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "கால்ல ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. சாயம் ஏத்திப் படம் எடுத்து, அடைப்பு எங்கன்னு பார்த்து, ஆபரேஷன் பண்ணித் திறக்கணும். அந்தச் சாயம் கிட்னி வழியாத்தான் வெளியே போகணும். முன்னாடியும் பின்னாடியும் நல்லா தண்ணி குடிக்கணும்மா, இல்லேன்னா கிட்னி கெட்டுடும்."

அது ஆண்கள் வார்டு. பார்வை நேரத்தில் மட்டும்தான் எங்களை உள்ளே விடுவார்கள். ஆறவைத்த வெந்நீரைக் கூஜா நிறையக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைப்பேன். அடுத்த முறை போனால் கூஜா காலியாக இருக்கும்.

"எல்லாத்தையும் குடிச்சியாய்யா?"

"பேஜாரு பண்ணாதமே. காலியாத்தானே கீது?"

எனக்கு மனசு குளிர்ந்துவிடும். போகிற வழியில் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுவேன்.

படம் எடுத்து, மறுநாளே ஆபரேஷனும் செய்தார்கள். போர்வைக்குள் கைவிட்டுப் பார்த்தேன், பாதம் சூடாக இருந்தது. அழுதேவிட்டேன். ஆனால் சிறுநீர் இறங்கவில்லை. முகம் உப்பிக்கொண்டே போனது. தண்ணீர் குடித்தாரா என்று டாக்டர் கேட்டபோது, குடித்தார் என்று அடித்துச் சொன்னேன்.

டாக்டர் நகர்ந்த பிறகு, பக்கத்துக் கட்டிலில் இருந்த புளியந்தோப்புப் பெரியவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அம்மாடி, அந்தத் தண்ணிய எங்களுக்குத்தான் ஊத்திக் குடுத்துகினு இருந்தாரு. கீறது ஒரே வார்டு பாய், அவன் நமக்கு ஒண்ணுக்குப் பாட்டில் புடிச்சிகினு நின்னா மத்தவங்க கதி இன்னா ஆவறதுன்னு சொன்னாரு."

ஐயோ, கட்டிலையும் கிரேன் கூண்டாக்கிவிட்டாரே பாவி மனுஷன்! "நீ குடிக்கலேன்னா வார்டு மொத்தமும் உன்னால நிக்கும்யா" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குடத்தோடு குடித்திருப்பார். அத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கே அது தோன்றவில்லை.

கிட்னி நின்றுபோனதால் இனி தண்ணீர் கொடுத்தால் நெஞ்சில் தேங்கி மூச்சு முட்டும், உதட்டை மட்டும் நனையுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடுவதற்கு முந்தின சாயங்காலம், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தாகமா கீதுமே. கொஞ்சம் தண்ணி குடேன்."

அவராக வாய்திறந்து தண்ணீர் கேட்டு நான் பார்த்ததே அன்றுதான். கூஜா என் மடியில் நிறைந்து இருந்தது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.

"இன்னும்" என்றார்.

நான் கொடுக்கவில்லை.