அம்மா சேலைகளைக் குறைத்த மாதம்

எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சேலைக்கு மட்டும் வந்ததில்லை. அப்பாவுக்குச் சேலை வியாபாரம். வெண்ணந்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் தறி வைத்திருப்பவர்களிடம் சேலை எடுத்து, சேலம், நாமக்கல் கடைகளுக்குப் போடுவார். முன்னறை முழுக்கச் சேலைக் கட்டுகள் கிடக்கும். யாராவது வந்தால் ஒரு கட்டை நகர்த்தித்தான் உட்கார இடம் கொடுக்க வேண்டும். அம்மாவின் பீரோவில் மட்டும் எண்பது சேலைக்குக் குறையாது. கதவைத் திறந்தால் மேல்தட்டிலிருந்து இரண்டு சேலையாவது தலையில் விழும்.

அந்த எண்பதில் பாதிக்கு மேல் வந்த வழி ஒன்றுதான். அப்பா நல்லவர், ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மாதம் ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை, அம்மாமீது கை நீட்டிவிடுவார். குழம்பில் உப்பு கூடியிருக்கும், கேட்டதற்குப் பதில் வரச் சற்றுத் தாமதமாகியிருக்கும், அம்மா சித்தியோடு போனில் அதிக நேரம் பேசியிருப்பாள். மறுநாள் மத்தியானம் சாப்பிட வரும்போது அவர் கையில் ஒரு புதுச் சேலை இருக்கும். முன்னறைக் கட்டுகளிலிருந்து ஏதோ ஒன்றை உருவிக்கொண்டு வரமாட்டார், பார்த்துப் பார்த்து எடுத்த நல்ல சேலையாகத்தான் இருக்கும். ஒன்றும் பேசாமல் அதைக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போவார். அப்புறம் ஒரு வாரத்துக்கு வீடு அமைதியாக இருக்கும், எனக்கும் தேங்காய் பன் கிடைக்கும். அதனால் புதுச் சேலை என்றால் எனக்கு உயிர். எந்தச் சேலை எந்தச் சண்டைக்கு வந்தது என்று எனக்கு மனப்பாடம். மாம்பழ மஞ்சள், சாப்பாட்டுத் தட்டு பறந்த நாளுடையது. மயில் கழுத்து நிறம், அம்மாவின் வளையல் உடைந்த நாளுடையது. அப்பாவுக்கு அம்மாமீது எவ்வளவு பிரியம் என்று அந்த பீரோவைத் திறந்து காட்டித்தான் நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்வேன்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் அம்மா திடீரென்று சேலைகளைக் குறைக்கத் தொடங்கினாள். போனில் ஒரு வீடியோ பார்த்தாளாம். ஆஸ்பத்திரி மாதிரி காலியாக இருக்கும் ஒரு வீட்டில் நின்றுகொண்டு ஒரு பெண், பத்து உடுப்பு இருந்தால் போதும், மனசு லேசாகிவிடும் என்று சொன்னாளாம். எதிர்வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “சேலக்காரன் பொண்டாட்டியே பத்துச் சேல போதும்னா அப்பறம் ஊருல எவ வாங்குவா?” என்றார். அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

முதலில் போனவை சண்டைச் சேலைகள்தான். வேறு யாருக்கும் இது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. மாம்பழ மஞ்சள், பக்கத்துத் தறிக்கு நூல் சுற்ற வரும் அக்காவுக்குப் போயிற்று. மயில் கழுத்து பால்காரம்மாவுக்கு. பிறகு வாரத்துக்குப் பதினைந்து, இருபது என்று கரைந்துகொண்டே போயின. கொடுத்துவிட்டு வரும்போது அம்மாவின் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். அப்பா கொடுத்ததை இப்படி வாரி இறைக்கிறாளே, அவளுக்கு அப்பாவைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று எனக்குச் சுருக்கென்றது.

அந்தச் சுருக்கு பயமாக மாறியது என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணால். அவள் அம்மா போன வருஷம் ஒருநாள் காலையில் வீட்டை விட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அவள் அப்பாதான் தலை பின்னிவிடுவார். இரண்டு சடையும் இரண்டு உயரத்தில் இருக்கும். டீச்சர்கூட அவளைக் கூப்பிடும்போது குரலை ஒரு மாதிரி இறக்கிக்கொள்வார். அவள் அம்மாவைப் பற்றித் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு பையோடு போய்விட்டாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்த ஒரே ஒரு பை என் மூளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எண்பது சேலை இருக்கிறவள் ஒரு பையோடு எங்கே போக முடியும்? லாரிதான் வைக்க வேண்டும். நாற்பதாகிவிட்டால் இரண்டு பெட்டி. பத்து என்றால்? நான் இப்படி யோசிக்கத் தொடங்கிய பிறகு தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது எங்கள் தெரு முக்கில் நின்று, மாடிக் கொடியில் அம்மாவின் சேலை காய்கிறதா என்று பார்ப்பேன். காய்ந்தால் அம்மா இருக்கிறாள். முன்பெல்லாம் மூன்று நான்கு தொங்கும், இப்போது ஒன்றுதான் தொங்கியது. ஒருநாள் அதுவும் இல்லை. தெருவில் இரண்டு பக்கமும் தறி ஓடிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே ஓடிப்போய்க் கதவைத் தள்ளினால், அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மழை வரும்போல் இருந்ததால் துணியைச் சீக்கிரம் எடுத்துவிட்டாளாம். ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். வயிற்று வலி என்றேன். ஓமத் தண்ணீர் குடிக்க வைத்தாள்.

அடுத்த நாளே நான் ஒரு காரியம் செய்தேன். நூல் சுற்றும் அக்காவின் வீட்டுக்குப் போய், மாம்பழ மஞ்சளை அம்மா திருப்பிக் கேட்டதாகச் சொன்னேன். அந்த அக்கா அதை ஒரே ஒரு தடவை கட்டியிருந்தார் போலிருக்கிறது. முகம் சுண்டிப்போய், மடித்து, ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். நான் அதை பீரோவின் அடித்தட்டில் செருகி வைத்தேன். ஒரு சேலை கூடினால் ஒரு சேலை கனம் கூடும், அவ்வளவுக்கு அம்மாவால் நகர முடியாது என்று நினைத்தேன். இன்னும் யார் யாரிடம் வாங்க வேண்டும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல்கூடப் போட்டிருந்தேன்.

இரண்டே நாளில் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். அடிக்கவில்லை. என் கையைப் பிடித்து, சேலையையும் எடுத்துக்கொண்டு, அந்த அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போய் என்னையே கொடுக்க வைத்தாள். திரும்பி வரும் வழியில் என்னால் அடக்க முடியவில்லை.

“நீங்க எங்கியாச்சும் போறீங்களாம்மா?”

அம்மா நின்றாள். தெருவை முன்னும் பின்னும் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் குனிந்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“உன்னய உட்டுப்போட்டு நான் எங்க சாமி போவேன்?”

இதற்கு மேல் ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும்? ஆனால் அவள் அதோடு விட்டிருக்கலாம். இந்தச் சேலை விஷயத்தையெல்லாம் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்காதே என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாள். அப்பாவிடம் சொல்லக் கூடாத ஒன்று வீட்டில் இருக்கிறது என்றதும், அவள் முதலில் சொன்னது எனக்குப் பொய்யாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை காலையில் பீரோவைத் திறந்து பார்த்தேன். முந்தின நாள் பத்து இருந்த இடத்தில் ஐந்துதான் இருந்தன. அம்மா கடைக்குப் போயிருந்தாள். நாற்காலியைப் போட்டு, அதன்மேல் முக்காலியைப் போட்டு, அடுப்படிச் சுவரில் பெரிய பாத்திரங்கள் வைக்கும் பரண்மேல், அட்டாலிமேல், ஏறினேன். அண்டாவுக்குப் பின்னால், கடைகளில் காட்டுவதற்கு மாதிரிச் சேலைகளை அப்பா முன்பெல்லாம் எடுத்துக்கொண்டு போன பழுப்புப் பை இருந்தது. காலியாகக் கிடக்கும் பை அன்று உப்பியிருந்தது. ஜிப்பை நாலு விரல் அளவு திறந்தேன். அம்மாவின் ஊதாப்பூச் சேலை. அதற்குமேல் திறக்கக் கை வரவில்லை. எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. முழங்கையில் சிராய்த்திருந்தது, அது எரிந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தார். நானும் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்தேன். அம்மா சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், என் தட்டில் ஒன்றும் குறையவில்லையே, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ரசம் எடுக்க உள்ளே போனாள். எனக்கு அதைவிட்டால் நேரம் கிடைக்காது என்று தோன்றியது.

“அப்பா, அம்மா பை கட்டி அட்டாலில வெச்சிருக்காங்க. நம்மள உட்டுட்டுப் போறாங்க. போக உடாதீங்கப்பா.”

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. பிறகு மறுபடியும் பிசைந்தார். அம்மா கொண்டுவந்து ஊற்றிய ரசத்தைச் சாப்பிட்டார், மோர்ச் சோறும் சாப்பிட்டார். நிதானமாகக் கை கழுவினார். வாசலுக்குப் போய், எதிர்வீட்டு அத்தையைக் கூப்பிட்டார். அத்தை வந்த பிறகுதான் அடுப்படிக்குள் போய், எக்கி, அந்தப் பையை இறக்கினார். அம்மா கரண்டியோடு நின்றவள், பையைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவர் சத்தம் போடுவார் என்று நான் காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். அவர் போடவே இல்லை.

பையைக் கட்டில்மேல் வைத்து அத்தைதான் பிரித்தார். மேலே அம்மாவின் ஐந்து சேலை. அவ்வளவுதான், அதோடு அவள் துணி முடிந்துவிட்டது. அதற்குக் கீழே வந்ததெல்லாம் என்னுடையது. நாலு கவுன், இரண்டு பாவாடை சட்டை, மழைக்கோட்டு, உள்ளாடைகள், ரிப்பன் டப்பா. தீபாவளிக்கு எடுத்த பட்டுப்பாவாடை. அதை விட்டுவிட்டு நான் எங்கும் வரமாட்டேன் என்று அம்மாவுக்குத் தெரியும். அது ஒன்றே மூன்று சேலையின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் பைல், அதில் அம்மாவின் பட்டச் சான்றிதழும் என் பிறப்புச் சான்றிதழும் டைப் அடித்த ஒரு கடிதமும் இருந்தன.

“இது புள்ளயோட துணியில்ல?” என்றார் அத்தை.

ஒரு மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிப்போயிற்று.

“அப்ப என்னயுந்தான் கூட்டிட்டுப் போறதா இருந்தீங்களாம்மா?” என்று கேட்டேன். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, பைலை மட்டும் எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். போகிற வழியில் என் தலையைத் தடவி, “என்ற புள்ள கெட்டிக்காரி” என்றார். அத்தையை அன்று முழுக்க எங்கள் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த பைலை அம்மா மறுபடி பார்க்கவே இல்லை.

கல்லூரி இரண்டாம் வருஷத்தில்தான் சித்தி எனக்கு மிச்சத்தைச் சொன்னாள். நாமக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூட விடுதியில் அம்மாவுக்கு வார்டன் வேலை கிடைத்திருந்தது. தங்க ஒரு அறை, என் படிப்பும் அங்கேயே. திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா சேலம் போனதும் நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறுவதாக இருந்தது. பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போகிறவளால் தூக்க முடிவது ஒரு பைதான். அதில் என் துணி போக மிஞ்சிய இடத்துக்கு ஐந்து சேலைதான் கணக்கு. என்னிடம் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். உன் வாயில் ரகசியம் தங்காது என்று உன் அம்மா பயந்தாள் என்றாள் சித்தி.

அம்மா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்றைக்கு எனக்கு அம்மா போகவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. என் துணிகளை நானே அலமாரியில் என் தட்டில் அடுக்கினேன். பட்டுப்பாவாடையைக் கசங்காமல் மடித்து மேலே வைத்தேன். ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாதவளுக்கு அன்று அப்படி ஒரு பசி. அந்தி சாயும் நேரத்தில் ஆறு தோசை சாப்பிட்டேன், இன்னும் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். அம்மாதான் சுட்டுப் போட்டாள்.