ஓரத்தில் நின்ற தாய்மாமன்

சிம்மக்கல் கேமரா கடையில், என் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் வாங்க நினைத்திருக்கும், ரொம்ப அகலமாகப் பிடிக்கும் பதினான்கு எம்எம் லென்ஸை மாட்டிப் பார்க்கிறேன். நாளை கீழக்குயில்குடி குகையை ஒரே படத்தில் அடக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கல்யாண போட்டோகிராபர் ஆல்பத்தை மேஜையில் அறைகிறார்.

"இதே லென்ஸத்தான என் தலையில கட்டுனீங்க? ஓரத்துல நின்ன தாய்மாமன் மூஞ்சியப் பாருங்கண்ணே, பூசணிக்கா கணக்கா இழுத்துக் கெடக்கு. சீர் செஞ்ச மனுசன் கோவிச்சுக்கிட்டு பொண்ணு வீட்டுப் பக்கமே வரல."

கடைக்காரர் சிரிக்கிறார். "அம்புட்டு அகலம் எடுத்தா ஓரம் இழுக்கத்தான் செய்யும், மாப்ள. மாமன நடுவுல நிறுத்தணும்ல."

"விக்கும்போது சொன்னீங்களா? இப்ப மறுபடி தாலி கட்டச் சொல்லவா?"

எனக்கும் சுருக்கென்று கோபம் ஏறுகிறது. என்னிடமும் அவர் அதைச் சொல்லவில்லை.

"நீங்க எடுங்கண்ணே, பாறை கோவிக்காது" என்கிறார் கடைக்காரர் என்னிடம்.

லென்ஸைக் கழற்றி ஆல்பத்தின் மேல் வைக்கிறேன்.

"பாறை முன்னாடி என் வீட்டம்மா நிப்பாங்கய்யா."