அக்கா வறுத்த சோயா

சுழிபுரத்தில் ஏழு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர் என் அக்கா. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று சிட்னியில் மூன்று கோழிப்பண்ணைக்குச் சொந்தக்காரன். ஆருடைய கையையும் எதிர்பாராமல் வந்தேன் என்று கலியாண வீடுகளில் நான் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் பாதி உண்மை.

எழுபதுகளில், அத்தான் காலமான பின், அக்காவை நான்தான் இங்கு கூப்பிட்டேன். சிட்னியின் மேற்கே, வென்ட்வேர்த்விலுக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரரின் கோழிப்பண்ணையில் இருவரும் வேலை செய்தோம். குடியிருந்ததும் அவர் தந்த தகர வீட்டில்தான். அங்கே குஞ்சுகளுக்குச் சோயாப் பிண்ணாக்குத்தான் தீன். எண்ணெய் பிழிந்த சக்கையை விட முழுச் சோயாவில் சத்து அதிகம் என்று நினைத்து, முதலாளியைக் கேளாமல், பச்சையாகவே அரைத்துப் போட்டேன். ஊரில் மாடு வளர்த்தவனுக்குத் தெரியாததா என்ற எண்ணம்.

பத்து நாளில் குஞ்சுகள் மெலிந்து, இறகு சிலிர்த்து, ஒடுங்கி நின்றன. சனிக்கிழமை முதலாளி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வருவேன். தேறாவிட்டால் இரண்டு பேரும் வெளியே" என்றார்.

"என்னடா போட்டனீ?" என்று அக்கா கேட்டார்.

"முழுச் சோயா. நல்ல சத்து, அக்கா."

"அவிச்சோ?"

"கோழிக்கு ஆரும் அவிச்சுப் போடுவினமோ?"

"விசரா! ஊறப்போட்டு, ரெண்டு மணித்தியாலம் அவிச்சுத்தானே நான் அதைக் கறி வைக்கிறன். அரை அவியலைத் திண்டிட்டு நீ கக்கூசுக்கு ஓடின ஓட்டம் மறந்து போச்சோ? குஞ்சுக்கு மட்டும் இரும்பு வயிறோ?"

பாதியாக வெட்டிய தகரப் பீப்பாயை நெருப்பில் வைத்து, அவித்தால் காயவைக்க நாளில்லை என்று, மிச்சச் சோயா முழுவதையும் அக்கா வறுத்தார். கை கொப்பளித்தது. அகப்பையைக் கேட்டேன். "நீ கருக்கிப் போடுவாய், தள்ளு" என்றார். வறுத்ததை அரைத்துப் போட்டோம். வியாழக்கிழமைதான் குஞ்சுகள் தீன்தட்டில் முண்டியடித்தன.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். குஞ்சுகளைப் பார்த்தார். தேறிவிட்டன என்று தலையாட்டினார். பிறகு, தன்னைக் கேளாமல் முதலில் தீனை மாற்றியது யார் என்று கேட்டார். அக்கா தன் நெஞ்சைத் தொட்டு, நான்தான் என்று ஆங்கிலத்தில் "மீ" என்றார். நான் மறுத்திருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. அக்காவின் வேலை அன்றே போனது.

"ஏன் அப்படிச் சொன்னனீங்கள்?" என்று பிறகு கேட்டேன்.

"நான் எங்கையும் போய்த் துடைச்சுக் கழுவிப் பிழைப்பன். உனக்குக் கோழியை விட்டால் வேற என்ன தெரியும்?"

அங்கே நின்றுதான் நான் தொழில் படித்தேன். அக்கா ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்று நின்றே கால்களைப் பழுதாக்கினார். கடைசியில் படுக்கையில் கிடந்தபோதும் என்னைப் பற்றி என் பிள்ளைகளிடம், "கொப்பர் கெட்டிக்காரன்" என்றே சொன்னார்.

அக்காவை இறுதிவரை பராமரித்த தாதிமாருக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும், தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா பிழை விட்டு வேலை இழந்தவர் என்று உறவுக்குள் இன்னும் கதை உண்டு. அந்தக் கதையைப் பரவவிட்டவனும் நான்தான். இனி அதை ஆரும் சொன்னால், இந்த நினைவுமலர்ப் பக்கத்தைக் காட்டுங்கள்.